இன்டர்நெட் மதகு யார் கையில்?

2001-ம் ஆண்டு. சிதம்பரம் கீழ வீதிக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் நான் மாலை நேரத்தில் வேலை பார்த்துக் கொண்டிருந்தேன். ஆறு கம்ப்யூட்டர், ஒரே ஒரு டெலிபோன் லைன். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மெயில் பார்க்க வருவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் மட்டும் கூட்டமே வேறு மாதிரி இருக்கும். பரங்கிப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி அம்மாமார்கள் கைக்குழந்தையோடு வருவார்கள். கணவர் துபாயிலோ, சவுதியிலோ இருப்பார். ஐ.எஸ்.டி. பேசினால் பர்ஸ் காலியாகிவிடும். நெட் வழியாகப் பேசினால் மணிக்கு முப்பது ரூபாய். குரல் விட்டு விட்டுத்தான் கேட்கும். ஆனாலும் பேசலாம்.

எங்கள் ஓனர் மட்டும் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "யாராச்சும் வந்தா ஹெட்போனைக் கழட்டி வச்சுடுங்கம்மா" என்று சொல்லி வைப்பார். ஏன் தெரியுமா? அன்றைக்கு இந்தியாவில் இன்டர்நெட் டெலிபோனி சட்டவிரோதம்! 1998-ல் தனியார் நிறுவனங்களுக்கு இன்டர்நெட் சேவை நடத்த லைசென்ஸ் கொடுத்த அரசு, அதில் குரல் அனுப்பக்கூடாது என்று தடையும் போட்டிருந்தது.

2002 ஏப்ரல் 1 அன்று அந்தத் தடை நீங்கியது. கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டுக்குப் பேசலாம் என்று அரசே அனுமதித்தது. அதே கம்ப்யூட்டர், அதே ஹெட்போன், அதே அம்மா. மார்ச் 31 வரை தப்பு, மறுநாள் முதல் சரி. அப்படியானால் அதுவரை அந்தத் தடை யாரைப் பாதுகாத்தது? பரங்கிப்பேட்டை அம்மாவையா? இல்லை. வெளிநாட்டு அழைப்புகளில் வி.எஸ்.என்.எல். வைத்திருந்த ஏகபோகத்தைத்தான். அந்த ஏகபோகம் முடிந்ததும் அதே நாளில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்டர்நெட்டை அரசு கட்டுப்படுத்தலாமா, கூடாதா என்று யார் விவாதம் ஆரம்பித்தாலும் எனக்கு அந்த ஹெட்போன் ஞாபகம்தான் வரும்.

இரண்டு நண்பர்கள், இரண்டு கட்சி

கடலூரில் எனக்கு ஒரு நண்பர். கேபிள் டி.வி. நடத்தியவர், இப்போது வீடு வீடாக ஃபைபர் இணைப்பு கொடுக்கிறார். "கவர்மென்ட் கை வைக்காத வரைக்கும்தான் சார் எல்லாம் ஒழுங்கா நடக்கும்" என்பது அவர் கட்சி. இன்னொருவர் சிதம்பரத்தில் இருக்கிறார். டெலிபோன் இலாகாவில் இருந்து ரிட்டயர் ஆனவர். "எல்லாத்தையும் தனியார்கிட்ட கொடுத்துட்டு அப்புறம் ஏன் அழறீங்க? பிடி நம்ம கையில இருக்கணும்" என்பார்.

இரண்டு பேரும் பாதி சரி. முழுசாக சரி எது என்று கேட்டால், நம் ஊர் வீராணம் ஏரியைத்தான் காட்டுவேன். மதகு நீர்வளத்துறை கையில் இருக்கிறது. எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர், கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அவர்கள் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் தலைமடைக்காரர் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்வார். ஆனால் நீங்கள் நெல் போடுகிறீர்களா, கரும்பு போடுகிறீர்களா என்பது மதகு திறப்பவரின் வேலை இல்லை.

இன்டர்நெட்டுக்கும் இதுதான். இணைப்பை விற்பவரை அரசு கட்டுப்படுத்த வேண்டும், கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும். அந்த இணைப்பில் நாம் என்ன படிக்கிறோம், எழுதுகிறோம் என்பதில் கை வைக்க வேண்டும் என்றால் சட்டம், காரணம், கோர்ட் என்று பல வாசல்களைத் தாண்டி வர வேண்டும். நம் நாட்டில் பல நேரம் இது தலைகீழாக நடந்திருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

இலவசம் என்று வந்தது

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனம், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் உடன் சேர்ந்து இன்டர்நெட்.ஆர்க் என்ற திட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தமிழிலும் இருந்தது. குறிப்பிட்ட சில தளங்களுக்கு மட்டும் டேட்டா கட்டணம் கிடையாது. பிற்பாடு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள்.

சும்மா கொடுப்பதை வேண்டாம் என்பானேன் என்று நானும் அன்றைக்கு நினைத்தேன். யோசித்தபோதுதான் புரிந்தது. எந்தத் தளம் இலவசம், எந்தத் தளத்துக்குக் காசு என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒரு கம்பெனி கையில் போகிறது. சிதம்பரத்தில் இரண்டு பையன்கள் சேர்ந்து ஒரு தளம் ஆரம்பித்தால் அந்தப் பட்டியலுக்குள் நுழைய அந்தக் கம்பெனியின் வாசலில்தான் நிற்க வேண்டும். வாய்க்காலில் கரும்புக்கு மட்டும் தண்ணீர் இலவசம், நெல்லுக்குக் காசு என்றால் நாளடைவில் ஊரில் நெல் இருக்குமா?

அதே 2015 மார்ச் இறுதியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. 118 பக்கம், 20 கேள்வி. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மெயில்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று ட்ராய் விதி போட்டது. எந்தத் தளத்தைப் பார்க்கிறீர்கள் என்பதை வைத்து டேட்டா கட்டணத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மீறினால் நாளொன்றுக்கு ரூ.50,000, அதிகபட்சம் ரூ.50 லட்சம் அபராதம். ஃப்ரீ பேசிக்ஸ் மூட்டை கட்டியது. 2018 ஜூலையில் நெட் நியூட்ராலிட்டி கொள்கைக்குத் தொலைத்தொடர்புத் துறையும் ஒப்புதல் கொடுத்தது.

அமெரிக்காவில் இதே விஷயம் பட்ட பாட்டைப் பாருங்கள். 2015-ல் விதி கொண்டு வந்தார்கள். 2017-ல் எடுத்தார்கள். 2024-ல் மீண்டும் கொண்டு வந்தார்கள். 2025 ஜனவரியில் கோர்ட் ரத்து செய்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் நாம் அவர்களைவிட நேராக நடந்திருக்கிறோம். இதுதான் நல்ல கட்டுப்பாடு. கட்டு விழுந்தது விற்பவர் மேல், பயன்படுத்தும் நம் மேல் இல்லை.

போட்டி இருந்தால் போதாதா?

கடலூர் நண்பர் இங்கே குறுக்கிடுவார். "2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு. டேட்டா விலை தரைக்கு வந்துச்சு. எந்த ஆணையம் சார் அதைச் செஞ்சது?" நியாயமான கேள்வி. ட்ராய் மொபைல் கட்டணத்தை நிர்ணயிப்பதில்லை. அதைப் போட்டிக்கே விட்டுவிட்டது. விலை குறைந்ததும் போட்டியால்தான்.

ஆனால் போட்டி போட ஆள் வேண்டும் இல்லையா? ஒரு டஜன் கம்பெனி இருந்த இடத்தில் இன்று மூன்று தனியாரும் பி.எஸ்.என்.எல்.லும்தான் மிச்சம். 2024 ஜூலையில் அந்த மூன்று தனியார் நிறுவனங்களும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தின. மாறிப் போகலாம் என்றால் எங்கே போவது?

என் அம்மா சிதம்பரத்தில் பட்டன் போன் வைத்திருக்கிறார். இன்டர்நெட் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆனால் மாதா மாதம் டேட்டாவுக்கும் சேர்த்துத்தான் ரீசார்ஜ் செய்து வந்தோம். நாட்டில் இப்படி எத்தனை அம்மாக்கள்! 2024 டிசம்பரில்தான் ட்ராய், டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டும் தனி பிளான் கொடுத்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது. போட்டி அதுவரை அந்த பிளானை என் அம்மாவுக்குத் தேடிக் கொடுக்கவில்லை.

வேகத்தின் கதையும் இப்படித்தான். 2004-ல் அரசு வெளியிட்ட பிராட்பேண்ட் கொள்கையில் 256 கே.பி.பி.எஸ். இருந்தாலே பிராட்பேண்ட்! அது 2013-ல் 512 ஆனது. 2 எம்.பி.பி.எஸ். என்று மாற 2023 ஆனது. இடைப்பட்ட காலத்தில் நான் ஒரு இணைப்பு எடுத்தேன். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வேகம், பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் "வரை" என்ற ஒரு சொல். மாதம் பத்து தேதி ஆனால் வேகம் நத்தையாகிவிடும். போன் செய்து கேட்டால், "உங்க லிமிட் முடிஞ்சுடுச்சு சார்" என்பார்கள். அன்லிமிடெட் என்று சொன்னீர்களே என்றால், "அன்லிமிடெட்தான் சார், ஸ்பீடு மட்டும் குறையும்" என்பார்கள். இந்த மாதிரி சொல் விளையாட்டைப் போட்டி தீர்க்காது, ஏனென்றால் எல்லோரும் அதே விளையாட்டைத்தான் ஆடுகிறார்கள். விற்கிறபோது சொன்னதைக் கொடுக்க வைப்பது கட்டுப்பாட்டின் வேலை.

ஒரு பக்கத்துக்காக ஒரு தளமே

இனி மறுபக்கம். 2003 செப்டம்பரில் மேகாலயாவைச் சேர்ந்த ஒரு தடைசெய்யப்பட்ட அமைப்பின் யாஹூ குழு ஒன்றை முடக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரே ஒரு குழு. ஆனால் அதை மட்டும் தனியாக முடக்க நம் சர்வீஸ் புரவைடர்களுக்குத் தெரியவில்லை. என்ன செய்தார்கள்? யாஹூ குழுமங்களின் முகவரியையே மொத்தமாக அடைத்தார்கள். மரத்தடி, ராயர் காபி கிளப் என்று தமிழில் எழுதப் பழகியவர்கள் கூடிய இடமெல்லாம் யாஹூ குழுமங்கள்தான். மேகாலயாவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

2006 ஜூலையில் மும்பை ரயில் குண்டுவெடிப்புக்குப் பிறகு சில பக்கங்களை முடக்கச் சொன்னபோது பிளாக்ஸ்பாட் முழுவதும் அடைபட்டது. 2012-ல் '3' படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க சென்னை உயர்நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவை வைத்து விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் என்று முழுத் தளங்களையே மூடினார்கள். குறிப்பிட்ட பக்கத்தை மட்டும்தான் முடக்க வேண்டும், தளத்தை அல்ல என்று அந்த ஜூனில் கோர்ட்டே விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. திருட்டு வி.சி.டி.யைத் தடுக்க வேண்டாமா என்றால் வேண்டும்தான். அதற்காகக் கடைத்தெருவையே பூட்டுவதா?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவில் ஒரு தளத்தை முடக்கும் உத்தரவு ரகசியமாக வைக்கப்படுகிறது. முடக்கப்பட்டவருக்கே காரணம் தெரியாமல் போகலாம். காரணம் தெரியாத உத்தரவில் தவறு நடந்தால் யார் கண்டுபிடிப்பது?

நம் பக்கத்து ஊர் புதுச்சேரியில் 2012-ல் நடந்ததும் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு அரசியல் பிரமுகரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காக ஒரு சிறு தொழிலதிபர் கைது செய்யப்பட்டார். பயன்படுத்திய சட்டம் 66-ஏ. அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் வெகு சிலரே. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாது என்றது. மூன்று ஆண்டு தாமதம் என்றாலும், எல்லைக்கல் நட்டாகிவிட்டது.

ஷட்டரை மொத்தமாக இறக்கினால்?

எல்லாவற்றையும்விடப் பெரிய அதிகாரம், இன்டர்நெட்டையே நிறுத்துவது. காஷ்மீரில் நடப்பது என்று நினைத்துக் கொண்டிருந்தோம். தூத்துக்குடியில் 2018 மே 22-ல் துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி என்று மூன்று மாவட்டங்களில் இன்டர்நெட் நிறுத்தப்பட்டது. வதந்தி பரவாமல் தடுக்க என்றார்கள்.

வதந்தி ஆபத்துதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வதந்தி பரவும் அதே குழாயில்தான் உண்மையும் வருகிறது. என் பிள்ளை பத்திரமாக இருக்கிறானா என்று கேட்கும் தாய்க்கு வரவேண்டிய பதிலும் அதில்தான் வருகிறது. குழாயை அடைத்தால் வதந்தி நிற்காது. வாய்வழியாகப் போகும், மறுக்கத்தான் ஆள் இருக்காது.

2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: காலவரையின்றி இன்டர்நெட்டை நிறுத்தக்கூடாது, உத்தரவுகளை வெளியிட வேண்டும், தேவைக்கு மேல் போகக்கூடாது. 2024 நவம்பரில் வந்த புதிய விதிகள் ஒரு உத்தரவுக்கு 15 நாள் உச்சவரம்பு வைக்கின்றன.

பதினைந்து நாள்! கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஒரு காலையில் போய் நின்று பாருங்கள். ஏலம் எடுத்தவர் போனில் பணம் அனுப்புகிறார். ஐஸ் கட்டிக்கு, டீசலுக்கு, டீக்கு எல்லாம் போன்தான். அங்கே பதினைந்து நாள் வேண்டாம், ஒரு நாள் நிறுத்தினால் மீன் அழுகும். கூட்டம் கூடுவதைத் தடுக்க நினைத்தவர்கள் மீன்காரம்மாவின் அன்றைய வருமானத்தைத் தடுத்திருப்பார்கள். உத்தரவில் கையெழுத்துப் போடுபவர் இந்தக் கணக்கையும் போட வேண்டும் என்கிறேன்.

புயல் அடிக்கும்போது அரசு வேண்டும்

அப்படியானால் அரசு ஒதுங்கியே இருக்கட்டுமா? கடலூர்க்காரன் அப்படிச் சொல்லவே மாட்டான். 2004 சுனாமி, 2011 தானே, 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என்று நம் மாவட்டம் பார்க்காதது இல்லை. தானே அடித்த பிறகு எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. டவர் இருந்தது, டவருக்கு டீசல் இல்லை. சிக்னல் தேடி சைக்கிளில் ஊரைச் சுற்றினேன். நான்கு கம்பெனி டவர் கண்ணுக்குத் தெரிந்தது, ஒன்றும் பேசவில்லை.

ட்ராய் 2024-ல் கொண்டு வந்த சேவைத் தர விதிகளின்படி, ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் வாடிக்கையாளருக்கு வாடகையில் கழிவோ, வேலிடிட்டி நீட்டிப்போ தர வேண்டும். எந்த இடத்தில் எந்த சிக்னல் கிடைக்கும் என்று வரைபடமும் வெளியிட வேண்டும். வரவேற்கிறேன். ஆனால் மாதம் முந்நூறு ரூபாய் பிளானில் ஒரு நாள் கழிவு என்றால் பத்து ரூபாய். வெள்ளத்தில் மாடியில் நிற்பவனுக்குப் பத்து ரூபாய் எதற்கு? அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு போன் கால்.

எனவே கடலோர மாவட்டங்களில் டவர்களுக்கு இத்தனை மணி நேரம் பேட்டரி, இத்தனை நாள் டீசல் என்று கட்டாயம் வேண்டும். ஒரு கம்பெனி டவர் விழுந்தால் இன்னொரு கம்பெனி டவரில் போன் தானாக இணைய வேண்டும். இன்ட்ரா சர்க்கிள் ரோமிங் என்று இதற்குப் பெயர். 2025-ல் ஜம்மு காஷ்மீர் வெள்ளத்தின்போது அரசு உத்தரவிட்டு இதைச் செய்தார்கள். முடியும் என்று தெரிந்துவிட்டது. புயல் சின்னம் உருவான உடனே, ஒவ்வொரு தடவையும் யாரும் கேட்காமல், இது நடக்க வேண்டும். இங்கே நான் கேட்பது கூடுதல் கட்டுப்பாட்டைத்தான்.

நாம் என்ன செய்யலாம்?

உங்கள் இணைப்பில் கோளாறு என்றால் முதலில் கம்பெனியின் புகார் மையத்தில் சொல்லி, புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். தீரவில்லை என்றால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார். அங்கே எழுதுங்கள். ட்ராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். அதன் மைஸ்பீடு ஆப்பில் வேகத்தை அளந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் சாட்சியாக உதவும்.

அப்புறம் நுகர்வோர் ஆணையம். டெலிகாம் புகார் அங்கே செல்லாது என்று கம்பெனிகள் நெடுநாள் வாதாடி வந்தன. செல்லும் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சிதம்பரத்துக்காரர் கடலூருக்கு ஒரு பஸ் ஏறினால் போதும்.

கடைசியாக ஒன்று. 2015-ல் ட்ராய் கேட்ட 20 கேள்விகளும் 118 பக்க ஆங்கிலத்தில் இருந்தன. பதில் எழுதிய பத்து லட்சம் பேரில் பரங்கிப்பேட்டை அம்மா இருந்திருப்பாரா? முதுநகர் மீன்காரம்மா? என் அம்மாவின் பட்டன் போனைப் பற்றி முடிவெடுக்கும் அறிக்கையை அவர் படிக்கும் மொழியில் கொடுக்க வேண்டாமா? இனி வரும் ஒவ்வொரு ஆலோசனை அறிக்கையும் தமிழிலும் வர வேண்டும் என்று ட்ராய்க்கு ஒரு மெயில் தட்டுங்கள். நான் அனுப்பிவிட்டேன்.

மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர்கள் வேலையாக இருக்கட்டும். கடைமடையில் தண்ணீர் வந்ததா, வரவில்லையா என்று சொல்ல வேண்டியது நாம்தான்.